மதினிக்கு முன்பே தெரியுமா

அரசுக் கல்லூரி நல்லதா, மிஷன் கல்லூரி நல்லதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கேட்டதில் தப்பில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் சேலம் போகிறேன் என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். உங்கள் மகளும் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்து இரண்டு இடத்துக்கும் மனுப் போட்டிருக்கிறாள். பிறகு கேட்காமல் என்ன செய்வீர்கள்?

சொல்கிறேன். ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். காதைக் கொஞ்சம் இப்படிக் கொண்டுவாருங்கள். அதோ முன்னால், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், நரைத்த கொண்டையும் நீலச் சேலையுமாக ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களும் என்னோடுதான் வருகிறார்கள். என் மனைவி கிளாராவுக்கு அக்கா, எனக்கு மதினி. பெயர் எமிலி. கல்யாணம் வேண்டாம் என்று குவைத்துக்குப் போய், தலை நரைக்கும்வரை அங்கே நர்சாக இருந்துவிட்டு வந்தவர்கள். எங்கள் கல்யாணத்தையே அங்கிருந்தபடி நடத்தி வைத்தது அவர்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அவர்கள் மறக்க விட்டதும் இல்லை.

ஒன்றாக வருகிறவர்கள் ஏன் இப்படித் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள். எனக்குப் பின்பக்கம்தான் காற்று நன்றாக வரும். வேறொன்றும் இல்லை.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளன். பாக்கியநாதன் என்று பெயர். சாதாரண வேலைதான். ஆனால் உயிரியல் வாத்தியார் இதயம் நடத்துகிற அன்றைக்கு, கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து, கத்தியால் பிளந்து, இது மேலறை, இது கீழறை, இந்த வழியாக இரத்தம் போகும் என்று பையன்களுக்குக் காட்டுவது நான்தான். வாத்தியாருக்கு வாடை ஆகாது. எங்கள் இவாவை, இவாஞ்சலின், எங்களுக்கு ஒரே பிள்ளை, சின்ன வயதில் அப்படி ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். மற்றப் பிள்ளையாக இருந்தால் முகத்தைச் சுளித்திருக்கும். இவள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அன்றைக்கே எனக்குத் தெரியும், இவள் இந்தப் பக்கம்தான் வருவாள் என்று.

அப்படியிருக்க, குவைத்திலிருந்து தான் அனுப்பிய யூனிஃபார்ம் போட்டோவைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு இந்த ஆசை வந்தது என்று மதினி வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னால், ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பொறாமையா என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நான் எதையும் யோசிக்காமல் விடுகிற ஆள் இல்லை. தனியாக உட்கார்ந்து பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது.

மதினி ஓய்வு பெற்று வந்து எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினார்கள். சொந்தமாக வீடு பார்க்கும்வரை என்றுதான் பேச்சு. வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், வீடு தேடுகிற மாதிரித் தெரியவில்லை. என்னைத் தம்பி என்பார்கள். மூத்தவர்கள், சொல்லட்டும். ஆனால் அந்தத் தம்பியில் ஒரு தொனி இருக்கிறது. வார்டில் ஆயாவையும் தள்ளுவண்டிக்காரரையும் கூப்பிடுகிற தொனி. 'தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க.' 'தம்பி, பிள்ளைக்கு இனிமே காப்பி வேண்டாம்.' என் பிள்ளைக்கு. என் வீட்டில்.

இவா ப்ளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோதே மதினி ஆலங்குன்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் படித்த மிஷன் கல்லூரி. இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம், மலையடிவாரம். அங்கே மார்க்கை மட்டும் பார்த்து இடம் கொடுக்க மாட்டார்கள். சபையிலிருந்து சிபாரிசு வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு நாள் அங்கேயே தங்க வைத்து, பிள்ளை எப்படி நடக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது, பக்கத்துப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆயிரம் பேர் மனுப் போட்டால் ஒரு வகுப்பு நிறையத்தான் எடுப்பார்கள். நான் சொன்னேன், இதெல்லாம் எதற்கு, நம் ஊரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது, பிள்ளைக்கு மார்க் வரும், ஹாஸ்டலில் தங்கச் சொன்னால்கூட சாயங்காலம் வண்டியை எடுத்தால் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று. அதற்கு மதினி என்ன சொன்னார்கள் தெரியுமா? பார்த்துவிட்டு வருவதற்காகவா தம்பி பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்றார்கள். கிளாரா அடுப்படியில் இருந்து சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை புரியவில்லை.

பரீட்சை முடிந்ததும் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. தட்டில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிவரை சிந்தாமல் நடக்க வேண்டும். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது. என் கட்டில் மெத்தையில் விரிப்பை மாற்றி மாற்றி விரித்து, மூலையில் எப்படி மடித்துச் செருகுவது என்று பழக்குவார்கள். நான் ராத்திரி படுக்கப் போனால் காலை நீட்ட முடியாது, அவ்வளவு இறுக்கமாகச் செருகியிருக்கும். நகத்தை வெட்டு, முடியைத் தூக்கிக் கட்டு, தெரியாத கேள்வி கேட்டால் தெரியாது என்று நேராகப் பார்த்துச் சொல். இவா எல்லாவற்றையும் செய்தாள். என்னிடம் காட்டாத பொறுமை, சார். நான் இதயம் படத்தை வரைந்து பாகம் குறித்து எடுத்துக்கொண்டு போனால், வச்சிட்டுப் போங்கப்பா, அப்புறம் பாக்கிறேன் என்பாள்.

நாடி பார்க்கப் பழகினாள். மதினியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவாள். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"இருங்கப்பா, பெரியம்மாவுக்கு எண்ணிக்கிட்டு இருக்கேன்ல. இப்ப பாருங்க, விட்டுப் போச்சு."

நான் கையை மடக்கிக்கொண்டேன். மறுநாள் தலை சுற்றுகிறது என்று படுத்தேன். பொய் இல்லை, கொஞ்சம் சுற்றத்தான் செய்தது. பிள்ளை ஓடிவந்து பிரஷர் பார்ப்பாள் என்று நினைத்தேன். வந்தாள். நெற்றியைத் தொட்டாள். உடனே, பெரியம்மா, அப்பாவை வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டாள். மதினி வந்து பட்டையைக் கட்டி, பிரஷரெல்லாம் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு தம்பி, எழுந்து போய்ச் சாப்பிடுங்க என்றார்கள்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். ஆலங்குன்றத்திலிருந்து நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். மூன்று பேரும் போனோம். கிளாராவுக்குப் பஸ் ஆகாது.

அந்த இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சுத்தமான இடம். ஆனால் வராண்டாவில் ஒவ்வொரு வருஷத்துச் செட் போட்டோவும் வரிசையாக மாட்டியிருந்தது. மதினி இவாவைக் கூட்டிப்போய், இது நான், இது என் சிநேகிதி, இவள் இப்போது லண்டனில் மேட்ரன் என்று காட்டினார்கள். தோட்டக்கார அம்மாவிலிருந்து மணி அடிக்கிறவர்வரை எமிலி சிஸ்டர் எமிலி சிஸ்டர் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை யாரோ, எமிலி சிஸ்டரோடு வந்த டிரைவரா என்று கேட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில் இவாவைக் கூப்பிட்டார்கள். பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று கதவருகில் நின்ற பெண் சொன்னாள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அந்தப் பக்கம் மதினியும் எழுந்தார்கள். இரண்டு பேரும் நின்றோம். இவா எங்களைப் பார்த்தாள்.

"பெரியம்மா வரட்டும்ப்பா. உள்ள இங்கிலீஷ்ல கேப்பாங்களாம்."

இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா சார்? ஆய்வகத்தில் இருக்கிற பாட்டில் அத்தனைக்கும் இங்கிலீஷில் லேபிள் எழுதி ஒட்டியது யார்? உட்கார்ந்துவிட்டேன். உள்ளே, எதற்காக நர்சாக வேண்டும் என்று நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவா ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். வெளியே வந்த பிறகு மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டதை வைத்துத்தான் எனக்கே தெரியும். என்ன பதில் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆட்டு இதயத்தைச் சொன்னாளா, யூனிஃபார்ம் போட்டோவைச் சொன்னாளா என்று தெரிந்துவிடும். கேட்டால் மதினி மறைக்க மாட்டார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பிள்ளையின் தகப்பனார் யார், அவரைத்தான் வரச் சொல்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். பெரியம்மா எல்லாம் கணக்கில் வராது போலிருக்கிறது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. மதினி வெளியே வரும்போது என் பக்கத்தில் நின்று காதோடு சொன்னார்கள். "படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் அவங்க சொல்ற ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும், அனுப்புவீங்களான்னு கேப்பாங்க. சம்மதம்னு ஒரே வார்த்தை. வேற ஒண்ணும் பேச வேண்டாம் தம்பி."

வேற ஒண்ணும் பேச வேண்டாம். என் பிள்ளையைப் பற்றி என்னிடம்.

உள்ளே மூன்று பேர். நடுவில் பிரின்சிபல் அம்மா. மதினி சொன்ன கேள்வியைத்தான் கேட்டார்கள், அதுவும் தமிழில்தான் கேட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, அனுப்ப மனசில்லை, மதுரையிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது, அவளுக்கும் அதுதான் இஷ்டம், இந்த இடம் அவளுடைய பெரியம்மாவின் ஆசை என்று. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. பிரின்சிபல் அம்மா இவாவைப் பார்த்து, அப்பா சொல்றது சரியாம்மா என்றார்கள்.

"அப்பா சொல்றது அப்பாவோட ஆசை மேடம்."

பார்த்தீர்களா? எல்லார் முன்னாலும் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். "சம்மதம்னு சொல்லிட்டு, பாதியில வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போற அப்பாமார்தான் இங்க அதிகம். நீங்க இருக்கறதை இருக்கற மாதிரி சொல்றீங்க."

சரி, இடம் கிடைக்காது என்று முடிவுபண்ணி, பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தேன். மதினி தூங்கவில்லை. உள்ளே என்ன சொன்னீங்க என்று இரண்டு தடவை கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

இடம் கிடைத்துவிட்டது சார்.

போனில் சேதி வந்ததும் மதினி இவாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவில் இருக்கிற எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். என் பயிற்சி வீண்போகவில்லை என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே நடந்ததை அப்போதுதான் சொன்னேன். உங்கள் டம்ளருக்கும் தட்டுக்கும் கிடைத்த இடம் இல்லை இது, நேர்மையாகப் பேசுகிற தகப்பன் என்று பிரின்சிபலே சொன்னார்கள், நான் பேசிய பேச்சுக்குக் கிடைத்த இடம் என்றேன். மதினி, கெடுக்கப் போய்க் கிடைத்ததற்குப் பெயர் நேர்மையா என்றார்கள். நான் கெடுக்கவா போனேன் என்றேன். சாயங்காலம்வரை போயிற்று. கடைசியில் கிளாரா வந்து நடுவில் நின்றாள்.

"இடம் உங்க ரெண்டு பேருக்கும்தான் கிடைச்சிருக்கு போல. ஆளுக்கொரு வெள்ளை யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கறேன், ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் படிச்சிட்டு வாங்க. என் பிள்ளை வீட்ல இருக்கட்டும்."

இவா அங்கேதான் கொய்யாப்பழம் தின்றுகொண்டு இருந்தாள். சிரித்தாளா என்று ஞாபகம் இல்லை.

இதற்குள் அரசு கவுன்சலிங் வந்துவிட்டது. உங்களுக்கும் வரும், அதனால் கவனமாகக் கேளுங்கள். ரேங்க் போட்ட பிறகு, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது அடுத்தது என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். கடைசி நாள்வரை மாற்றிக்கொள்ளலாம். மேலே இருக்கிறதில் ரேங்குக்கு எது எட்டுகிறதோ அது கிடைக்கும். தெருமுனையில் ஃபாரூக் வைத்திருக்கிற பிரௌசிங் சென்டருக்கு இவாவைக் கூட்டிப்போய் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பதிய வைத்தேன். கஷ்டமான கணக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அதுதான் வரிசை. முதலில் மதுரை. அப்புறம் சிவகங்கை. அப்புறம் தேனி. அப்படியே போனது. ஃபாரூக்கூட, சார் பஸ் ரூட்டு மாதிரி சொல்றீங்களே என்றான்.

பிறகு ஒரு வாரம். அந்த வாரத்தைப் பற்றி என்ன சொல்ல? ஆலங்குன்றத்துக்கு வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும், இங்கே அரசு இடமும் வரப்போகிறது. மதினி பிள்ளையை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் லண்டனில் இருக்கிற மேட்ரனோடு வீடியோவில் பேச வைப்பார்கள். நெஞ்சில் குத்திக்கொள்கிற நர்ஸ் வாட்ச் ஒன்றைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நான் இவாவை வண்டியில் கூட்டிப்போய் மதுரைக் கல்லூரி வாசலைக் காட்டினேன், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன், இங்கே சேர்ந்தால் ஸ்கூட்டி என்றேன். சரிப்பா என்றாள். மதினியிடமும் சரி பெரியம்மா என்றாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என்னிடம் சொன்னது மனசிலிருந்து வந்த சரி. அங்கே சொன்னது மரியாதைக்குச் சொன்ன சரி. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தகப்பனுக்குத் தெரியாதா? அப்புறம் ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோதுதான் தோன்றியது, மதினியும் இதையே மாற்றி நினைத்துக்கொண்டு இருப்பார்களோ என்று. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

அரசு இடம் வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். கிளாரா போன் செய்தாள். சேலம் என்றாள்.

சேலம் எங்கே வந்தது? நான் சொன்ன வரிசையில் சேலம் எங்கேயோ அடியில் கிடந்தது. இவளுடைய ரேங்குக்கு மதுரை தாராளமாக எட்டும். ஃபாரூக் பயல் எதையோ அமுக்கித் தொலைத்துவிட்டான் என்று வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்தால் மதினி நிதானமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாத்தீங்களா தம்பி, கர்த்தரே வழி காட்டிட்டார், சேலத்துக்குப் போறதுக்கு ஆலங்குன்றத்துக்கே போகட்டும் என்றார்கள். நான் வண்டியைத் திருப்பினேன். நானும் வர்றேன், கோவத்துல நீங்க கையை நீட்டிருவீங்க என்று மதினியும் ஏறிவிட்டார்கள். அதுவரைக்கும் என் வண்டியில் ஏறியதே இல்லை. என் தோளைத் தொடாமல், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஃபாரூக்கை நான் விடவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை உனக்கு விளையாட்டா, கண் எங்கே இருந்தது, கை எங்கே போனது என்று கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துச் சொன்னான்.

"சார், பாப்பாதான் வந்து மாத்திட்டுப் போச்சு. கடைசி நாள் சாயங்காலம் தனியா வந்துச்சு. நானே ரெண்டு தடவை கேட்டேன், சேலமா, சேலமான்னு."

நான் மதினியைப் பார்த்தேன். மதினி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதிலே ஒன்றும் இல்லை, வெறும் பூப்படம். திரும்பி வண்டியில் ஏறும்போது, மெதுவாப் போங்க தம்பி, இனிமே என்ன அவசரம் என்றார்கள். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

வீட்டில் இவா துணி மடித்துக்கொண்டு இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே வந்து நின்றதைப் பார்த்ததும் மடிக்கிறதை நிறுத்தினாள். நான் கத்தவில்லை. ஏம்மா என்று மட்டும் கேட்டேன்.

"சென்னையில பெரியப்பா வீடு இருக்கு. தேனியில சித்தப்பா. சிவகங்கையில அம்மாவோட அத்தை. ஆலங்குன்றத்துல சுவர்லயே பெரியம்மா இருக்காங்க. மதுரையில நீங்க இருக்கீங்க." கையில் இருந்த தாவணியை மறுபடியும் மடித்தாள். "சேலத்துலதான் நமக்கு யாரும் இல்லப்பா. நான் எப்படி நர்சாகறேன்னு நானே பாத்துக்கறேனே."

கிளாரா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளை நம்மை விட்டுப் போகிறாள் என்று வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே வேறு ஒன்று வந்துவிட்டது. என்னிடம் சொல்லவில்லை, சரி, பெரியம்மாவிடமும் சொல்லவில்லை. அதுதான் முதலில் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மதினி சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாகக்கூட இருந்தது. ஒரு அப்பளத்தை எடுத்து அவர்கள் தட்டில் வைத்தேன்.

ஆலங்குன்றத்து இடத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டோம். அங்கே வேறு யாரோ ஒரு பிள்ளை சேர்ந்திருக்கும். நல்லா இருக்கட்டும்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இவாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் எல்லாரும் சேலம் போனோம். கிளாராகூட வந்தாள், வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டே வந்தாள். சேலத்துக்கு எங்கள் வம்சத்தில் ஒருத்தரும் போனது இல்லை. பெரிய ஆஸ்பத்திரி, எங்கே பார்த்தாலும் கட்டடம், எங்கே பார்த்தாலும் கூட்டம். நான் யாரிடமாவது வழி கேட்கலாம் என்று நிற்கிறேன், மதினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார்கள். இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, நேரே ஹாஸ்டல் வாசலில் போய் நின்றார்கள். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. எப்படி மதினி வழி தெரியும் என்று கேட்டேன்.

"எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரிதான் தம்பி இருக்கும். துணி காயறது எங்கன்னு பாத்தா, அங்கதான் ஹாஸ்டல்."

இருக்கலாம். இத்தனை வருஷ அனுபவம், இருக்கலாம். ஆனால் எனக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. இவா முன்பே பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாளோ? கடைசி நாளைக்கு முன்பே இரண்டு பேரும் பேசி, மதினி ஒருநாள் ரகசியமாக வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ? அந்த மாதத்தில் ஒருநாள் பேங்க் விஷயம் என்று காலையில் போய் இருட்டிய பிறகுதான் வந்தார்கள். அப்படியானால் கர்த்தர் வழி காட்டினார் என்றது, வண்டியில் வந்தது, சாப்பிடாமல் எழுந்தது எல்லாம் என் மனசு கஷ்டப்படக்கூடாது என்று போட்ட நாடகமா? நாடகம் என்றால் அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? கிளாராவிடம் கேட்டேன். தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, பிள்ளை நல்லாப் படிக்குதான்னு கேளுங்க என்றாள். அது பதிலா?

நீங்கள் வெளியாள். உங்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள். இனிமே என்ன அவசரம் என்று சொன்னார்களே, அது எல்லாம் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சா, இல்லை தெரியாமல் அடிபட்டவர்கள் பேசுகிற பேச்சா? அவசரம் இல்லை, திண்டுக்கல் தாண்டியதும்கூடச் சொல்லலாம். யோசித்துச் சொல்லுங்கள்.

இருங்கள், என் போன். இவாதான்.

என்னம்மா... பஸ்ஸுலதான் வந்துட்டு இருக்கோம்... ஆமா, பின்னாடிதான் உக்காந்திருக்கேன்... யார் சொன்னா?... சரி... சரிம்மா, கேக்கறேன்... அட, சொல்றேன்ல, கேக்கறேன்.

பிள்ளைதான் பேசினாள். பெரியம்மாவுக்கு முன்னால் வெயில் முகத்தில் அடிக்கிறதாம், ஜன்னல் கிடைக்கவில்லையாம், தலை சுற்றுகிறதாம். அப்பா பக்கத்தில் ஜன்னலோரம் ஒருத்தரிடம் பேசிக்கொண்டே வருகிறாராமே, அவரிடம் கேட்டுப் பெரியம்மாவை அங்கே உட்கார வையுங்கள் என்கிறாள். நான் பேசிக்கொண்டு வருகிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? அவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். எப்போது போன் போட்டார்கள்? எனக்கு முன்னாலேயே பேசியாகிவிட்டது.

ஆனாலும் ஒன்று பாருங்கள். அவர்களே எழுந்து வந்து என்னிடம் கேட்டிருக்கலாம், இவாவும் நீங்களே கேளுங்கள் என்று அவர்களிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். அப்பாவிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் எழுந்து முன்னால் போய் உட்காருகிறீர்களா? அவர்கள் இடம் காலியாக இருக்கும். உங்கள் மகளுக்கு எந்தக் கல்லூரி என்று நான் இன்னும் சொல்லவில்லை, இறங்குகிறபோது சொல்கிறேன். பையை மறந்துவிடாதீர்கள். அவர்களைக் கடந்து போகும்போது நாம் பேசியது எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதினி, இங்கிட்டு வாங்க. ஜன்னல் சீட்டு இருக்கு.